சதுக்கத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்

ஓர் ஊர் எதனால் ஊராகிறது? வீடுகளின் எண்ணிக்கையாலா? கடைவீதியின் நீளத்தாலா? அன்றி, அங்கு வாழ்வோர் எல்லோருக்கும் பொதுவாக விளங்கும் ஏதோ ஒன்றாலா? பெருநகர் ஒன்றின் நிழல் தன்மேல் படிந்து வருவதைக் காணும் சிற்றூர்களுக்கு இவ்வினா வெறும் தத்துவ விசாரணை அன்று. அவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கும் வினாவாகும். அமெரிக்க நாட்டின் நடுமேற்குப் பகுதியில், இல்லினாய் மாநிலத்தில் உள்ள வுட்ஸ்டாக் என்னும் சிறு நகரம் இவ்வினாவுக்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. அதன் வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

வுட்ஸ்டாக் என்றதும் 1969-இல் நடைபெற்ற இசைப் பெருவிழாவே பலருக்கும் நினைவுக்கு வரும். அது நியூயார்க் மாநிலத்தில் நிகழ்ந்தது. நாம் சொல்லும் ஊர் வேறு. சிகாகோ மாநகருக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கும் புதுமனைகளுக்கும் நடுவே அமைந்திருப்பது இது.

இரயில் வழியே

சிகாகோவின் நடுவிலுள்ள ஓகில்வி நிலையத்தில் மெட்ரா நிறுவனத்தின் வடமேற்குத் தடத்து வண்டியில் ஏறினால், ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நூற்றாண்டின் நகர வளர்ச்சியைச் சன்னல் வழியாகவே கண்டுவிடலாம். முதலில் மாநகரின் நெருங்கிய செங்கற் கட்டடங்கள். அடுத்து பார்க் ரிட்ஜ், ஆர்லிங்டன் ஹைட்ஸ், பாலடைன் முதலிய புறநகர்கள். பாரிங்டனைக் கடந்ததும் மரங்கள் அடர்கின்றன. பாக்ஸ் ஆற்றைத் தாண்டிக் கிறிஸ்டல் லேக் ஊரையும் விட்டு நீங்கினால், வானம் திடீரென அகன்று விடுகிறது. சோளமும் சோயாவும் விளையும் நிலங்கள் இருமருங்கும் விரிகின்றன. இனி ஊர்களே இல்லை போலும் என்று எண்ணும் வேளையில் வுட்ஸ்டாக் நிலையம் வந்துவிடுகிறது. அடுத்துள்ள ஹார்வர்ட் நிலையத்தோடு அந்தத் தடமே முடிகிறது.

நிலையத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ஊரின் இதயத்தை அடைகிறோம். நடுவில் ஒரு பூங்கா. அதைச் சுற்றிச் செங்கல் பாவிய தெருக்கள். தெருக்களின் ஓரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கட்டடங்கள். பூங்காவினுள்ளே இசைக்குழுவினர் அமர்ந்து வாசிக்க ஒரு மண்டபம், பழைய ஊற்று மண்டபம், உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட வீரர்களுக்காக 1909-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் ஆகியவை உள்ளன. ஊரார் இதனைச் சுருக்கமாகச் சதுக்கம் என்றே வழங்குகின்றனர். இச்சதுக்கம் எவ்வாறு தோன்றியது?

நடுவில் ஓர் ஊர்

இந்நிலம் முன்னாளில் பொட்டவாட்டமி பழங்குடியினரின் தாயகம். 1832-இல் நடந்த பிளாக் ஹாக் போருக்கும், 1833-இல் சிகாகோவில் கையொப்பமான உடன்படிக்கைக்கும் பின்னர் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகல நேர்ந்தது. இப்பகுதியின் ஒவ்வோர் ஊரும் இந்தத் துயரத்தின்மேல்தான் எழுந்துள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. 1836-இல் மெக்ஹென்றி கவுண்டி என்னும் மாவட்டம் உருவாயிற்று. மூன்றாண்டுகளில் அதன் கிழக்குப் பகுதி லேக் கவுண்டி எனப் பிரிந்து போனமையால், பழைய தலைமையிடம் மாவட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. எல்லாக் குடியானவர்களும் எளிதில் வந்து சேரத்தக்க நடுவிடம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கென 1844-இல் அளந்து வகுக்கப்பட்டதே இந்த ஊர். பெயரும் அதற்கேற்ப சென்டர்வில், அதாவது நடுவூர் என்றே அமைந்தது. குடியேறியவர்களில் பலர் வெர்மான்ட் மாநிலத்தவர். அங்குள்ள வுட்ஸ்டாக் என்ற ஊரின் நினைவாக, மறு ஆண்டிலேயே பெயர் மாறிற்று.

ஊரை வகுத்தவர்கள் மனைகளைப் பிரித்து விற்றபோது நடுவில் சுமார் இரண்டு ஏக்கர் நிலத்தை எவருக்கும் விற்காமல் பொதுவில் விட்டனர். அன்று அந்த நிலத்தின் விலை அற்பமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிறு கொடையே பின்வந்த தலைமுறைகளின் பெருஞ் செல்வமாயிற்று. பிற்காலத்தில் ஊரை வளர்த்தவை பல. வீழ்த்தப் பார்த்தவையும் பல. சதுக்கம் மட்டும் அன்று விட்டது விட்டபடியே இருக்கிறது.

பாலும் தட்டச்சுப் பொறியும்

1855-இல் இரயில் வந்தது. அதுவரை சேற்று வழியில் நாட்கணக்கில் வண்டியோட்டிச் சென்ற குடியானவர் இனிச் சில மணி நேரத்தில் சிகாகோவை எட்டலாயினர். கோதுமையை நம்பியிருந்த நிலம் படிப்படியாகக் கறவை மாட்டுப் பண்ணைகளுக்கு மாறிற்று. விடியற்காலையில் கறந்த பால் இரயிலேறி மாநகரின் குழந்தைகளைச் சென்றடைந்தது. 1857-இல் சதுக்கத்தின் மேற்குப் பக்கத்தில், கூம்பிய கோபுரக் கூண்டுடன் நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. சிகாகோவின் முதல் கட்டடக் கலைஞர் எனப் போற்றப்படும் ஜான் வான் ஆஸ்டெல் அதனை வடிவமைத்தார். 1873-இல் வுட்ஸ்டாக் நகரம் என்னும் தகுதி பெற்றது.

தொழிற்சாலை வந்த கதை சுவையானது. அயோவா மாநிலத்தில் தாமஸ் ஆலிவர் என்னும் மெதடிஸ்டு போதகர் ஒருவர் இருந்தார். தம் மறையுரைகளைத் தெளிவான எழுத்தில் படித்தால் நலமாயிருக்குமே என்ற எண்ணத்தில் தாமே ஒரு தட்டச்சுப் பொறியைச் செய்யத் தொடங்கினார். அந்நாளைய பொறிகள் பலவற்றில் அடித்த எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. உருளையைத் தூக்கிப் பார்த்தால்தான் பிழை தெரியும். ஆலிவரின் பொறியிலோ எழுத்துக் கம்பிகள் இருபுறமும் சிறகுபோல் உயர்ந்து நின்று மேலிருந்து கீழே வந்து அடித்தன. அடித்த எழுத்து அக்கணமே தெரிந்தது. இந்தப் பொறியைச் செய்யும் நிறுவனத்தைத் தன்பால் ஈர்க்க விரும்பிய வுட்ஸ்டாக், தன்னிடமிருந்த ஆலைக் கட்டடம் ஒன்றை இலவசமாகவே கொடுத்தது. குறைந்தது ஐந்தாண்டுகளேனும் இங்குத் தங்கவேண்டும் என்பதே ஊரார் விதித்த நிபந்தனை. 1896-இல் நிறுவனம் வந்தது. ஐந்தாண்டு என்றது முப்பதாண்டு அளவுக்கு நீண்டது.

பின்னர் மற்றொரு தட்டச்சு நிறுவனமும் வந்து சேர்ந்து, 1914-இல் ஊரின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. உலகின் தட்டச்சுப் பொறிகளில் பாதி இந்தச் சிற்றூரிலேயே செய்யப்பட்டது என்று 1920-களைப் பற்றி ஊரார் இன்றும் பெருமையுடன் கூறுவர். 1950-இல் அமெரிக்காவையே பரபரப்பில் ஆழ்த்திய ஆல்ஜர் ஹிஸ் வழக்கில் முக்கியச் சான்றாக நின்றதும் ஒரு வுட்ஸ்டாக் தட்டச்சுப் பொறியே.

ஆயினும் ஆலைகள் நிலைக்கவில்லை. ஆலிவர் நிறுவனம் 1920-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. மற்றொன்று 1950-இல் கைமாறிப் பின்னர் வேற்றூருக்குப் பெயர்ந்தது. கட்டடத்தை இலவசமாகக் கொடுக்கலாம். நிறுவனத்தைக் கட்டிப்போட முடியுமா? அண்டையூரான ஹார்வர்டில் மோட்டோரோலா நிறுவனம் 1990-களில் கைப்பேசிக்கென மாபெரும் ஆலையைக் கட்டியது. 2003-இல் அதனை மூடிவிட்டது. தட்டச்சுப் பொறி கற்பித்த பாடத்தைக் கைப்பேசி மீண்டும் கற்பித்தது.

சிறையில் ஒரு பள்ளி

சதுக்கத்து நீதிமன்றத்தின் அருகே ஷெரிப் அலுவலரின் இல்லமும் மாவட்டச் சிறையும் உள்ளன. 1895-இல் அங்குக் கைதியாக வந்தவர் யூஜின் டெப்ஸ். முந்தின ஆண்டில் சிகாகோவின் புல்மன் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் கூலி குறைக்கப்பட்டது. தொழிலாளர் குடியிருந்த நிறுவன வீடுகளின் வாடகையோ குறையவில்லை. வேலைநிறுத்தம் வெடித்தது. டெப்ஸின் தலைமையிலிருந்த இரயில் தொழிலாளர் சங்கம் அதற்குத் துணை நிற்கவே, நாட்டின் பெரும்பகுதியில் வண்டிகள் நின்றன. நீதிமன்றத் தடையாணையை மீறியதாக டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. சிகாகோச் சிறையில் இடநெருக்கடி நிலவியதால் அவரை வுட்ஸ்டாக்குக்கு அனுப்பினர்.

அச்சிறை அவருக்கு ஒரு பள்ளியாயிற்று. நூல்களையும் கடிதங்களையும் பெறவும் பார்வையாளரைச் சந்திக்கவும் இடம் கிடைத்தது. மில்வாக்கி நகரின் விக்டர் பெர்கர் மார்க்ஸின் மூலதன நூலைக் கொணர்ந்து தந்தது இங்கேதான். 1895 நவம்பர் 22-ஆம் நாள் விடுதலையான அவரைச் சிகாகோவில் வரவேற்கத் திரண்டவர் ஓர் இலட்சம் பேர் என்பர். அதன்பின் அவர் சமதருமக் கட்சியின் சார்பில் ஐந்து முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். அவருடைய கொள்கைகளை எல்லோரும் ஏற்பதில்லை. எனினும் உழைப்பவனின் கூலியைப் பற்றிய கேள்வி இந்த அமைதியான சதுக்கத்தின் ஓரத்தில் ஆறு மாதம் குடியிருந்தது என்பது வரலாறு.

மேடையும் திரையும்

சதுக்கத்தின் தெற்கே, கோபுரத்துடன் விளங்கும் நாடக மன்றம் 1890-இல் திறக்கப்பட்டது. அதன் பெயர் நாடக மன்றமாயினும் நூலகம், நகர்மன்றம், தீயணைப்பு நிலையம் ஆகியவையும் அதே கட்டடத்தில் இயங்கின. சிறிய ஊரின் சிக்கனமும் பெருமையும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியிருந்தன எனலாம். 1934-ஆம் ஆண்டின் கோடையில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், டப்ளின் நகரிலிருந்து இரு புகழ்பெற்ற நடிகர்களை வரவழைத்து இங்கு நாடக விழா நடத்தினார். அவரே பின்னாளில் 'சிட்டிசன் கேன்' என்ற திரைப்படத்தால் உலகப் புகழ் எய்திய ஆர்சன் வெல்ஸ். பதினோராம் வயதில் வுட்ஸ்டாக்கின் டாட் பள்ளிக்கு மாணவராக வந்தவர் அவர். தாயை ஒன்பது வயதிலும் தந்தையைப் பதினைந்து வயதிலும் இழந்த அச்சிறுவனுக்கு அப்பள்ளியும் அதன் ஆசிரியர் ரோஜர் ஹில்லும் இல்லமாகவே அமைந்தனர். 1954-இல் அப்பள்ளி மூடப்பட்டது.

1992-இல் திரைப்படக் குழு ஒன்று ஊருக்குள் வந்தது. ஹெரால்டு ராமிஸ் இயக்கிய 'கிரவுண்டுஹாக் டே' பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஊரில் நிகழும் கதை. ஆனால் படமாக்கப்பட்டது வுட்ஸ்டாக்கின் சதுக்கத்திலேதான். பிப்ரவரி 2-ஆம் நாளையே மீண்டும் மீண்டும் வாழ நேர்ந்த ஒரு தற்பெருமைக்காரன், அயலாரை நேசிக்கக் கற்ற பின்னரே மறுநாள் விடியலைக் காண்கிறான். அந்தத் தேதிக்கு நாம் அறிந்த ஒரு பொருளுண்டு. அது ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுதிரிகளை மந்திரிக்கும் நாள். அன்றைய வானிலையைக் கொண்டு குளிர்காலத்தின் எஞ்சிய நாட்களைக் கணிப்பது ஐரோப்பியக் குடியானவரின் வழக்கம். ஜெர்மானியக் குடியேறிகள் அதனை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தபோது, வளையிலிருந்து வெளிவரும் சிறு விலங்கொன்று அவ்வழக்கத்தின் சின்னமாயிற்று. இப்போது ஆண்டுதோறும் அந்நாளில் வுட்ஸ்டாக்கின் சதுக்கத்தில், உறைபனியில், மக்கள் கூடி மகிழ்கின்றனர்.

மாநகர் நெருங்கி வந்தபோது

இனி வளர்ச்சிக் கணக்கைப் பார்ப்போம். 1950-இல் வுட்ஸ்டாக்கின் மக்கள் தொகை 7,192. முப்பதாண்டுகள் மெல்ல வளர்ந்து 1980-இல் 11,725 ஆயிற்று. பின்னர்ப் பெருக்கம் வேகமெடுத்தது: 1990-இல் 14,353, 2000-இல் 20,151, 2010-இல் 24,770. மாவட்டம் முழுவதையும் நோக்கினால், 1950-இல் சுமார் 50,000 பேர் வாழ்ந்த இடத்தில் 2010-இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

காரணங்கள் வெளிப்படை. 1958-இல் திறக்கப்பட்ட வடமேற்குக் கட்டணச் சாலை மாநகரை அண்மைப்படுத்தியது. அலுவலகங்களும் ஆலைகளும் சிகாகோவை விட்டு ஷாம்பர்க் போன்ற புறநகர்களுக்குப் பெயர்ந்தன. அங்கு வேலை செய்வோர், புறநகருக்கும் அப்பால் விலை மலிந்த நிலத்தில் முற்றத்துடன் கூடிய வீட்டை நாடினர். பண்ணைக்காரர் முதுமையடைந்து நிலத்தை விற்க முன்வந்தபோது மனைப்பிரிவுகள் முளைத்தன. ஒரு காலத்தில் பாலை ஏற்றிச் சென்ற அதே தடத்தில் இப்போது மனிதர்கள் காலையில் சென்று மாலையில் திரும்பினர்.

இவ்வளர்ச்சி இரு கவலைகளை எழுப்பிற்று. முதலாவது, தண்ணீர். சிகாகோவும் அதன் அண்டைப் புறநகர்களும் மிச்சிகன் ஏரியின் நீரை அருந்துகின்றன. மெக்ஹென்றி மாவட்டமோ முற்றிலும் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கிறது. மழைநீரை உறிஞ்சும் வயல்மேல் தாரும் சிமெண்டும் பரவினால் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வரும்? இதை உணர்ந்த மக்கள் 1971-இல் வாக்களித்து இயற்கைக் காப்பு அமைப்பு ஒன்றை நிறுவினர். இன்று அது 25,000 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளிகளையும் சதுப்புகளையும் காடுகளையும் காத்து வருகிறது.

இரண்டாவது கவலை, ஊரின் உயிரைப் பற்றியது. இரவில் உறங்குவதற்கு மட்டுமே மக்கள் வந்துபோகும் இடம் ஊராகுமா? நெடுஞ்சாலை ஓரத்தில் பெருங்கடைகள் எழுந்தபின், சதுக்கத்துச் சிறு கடைகளுக்கு யார் வருவர்? 1972-இல் மாவட்ட அலுவலகங்களும் பழைய நீதிமன்றத்தை விட்டு ஊரின் ஓரத்துப் புதுக் கட்டடத்துக்குச் சென்றுவிட்டன. அமெரிக்காவின் எத்தனையோ சிற்றூர்களில் இந்நிலையில் பழைய கட்டடங்களை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கினர். வுட்ஸ்டாக் மக்கள் அவ்வாறு செய்யவில்லை. நாடக மன்றத்தைப் பழுதுபார்த்து 1977-இல் மீண்டும் திறந்தனர். 1982-இல் சதுக்கம் நாட்டின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. தனியார் கைக்குச் சென்றிருந்த நீதிமன்றக் கட்டடத்தில் உணவகமும் ஓவியக் கூடமும் நடந்தன. 'டிக் டிரேசி' என்னும் துப்பறியும் படக்கதையை வரைந்து இவ்வூரிலேயே வாழ்ந்து 1985-இல் மறைந்த செஸ்டர் கூல்டின் நினைவாக ஓர் அருங்காட்சியகமும் சில காலம் இருந்தது. கட்டடம் நலிவுற்றபோது 2011-இல் நகராட்சி அதனை வாங்கியது. பெரும்பொருள் செலவிட்டுச் செப்பனிட்டு, 2023-இல் மக்கள் கூடும் இடமாக மீளத் திறந்தது.

இந்தச் செலவு தேவையா என்று வரி செலுத்துவோர் கேட்பது இயல்பே. சாலைக்கும் பள்ளிக்கும் பணம் வேண்டியிருக்கையில் பழைய சுவர்களுக்கு ஏன் செலவு என்னும் வாதத்தை அலட்சியம் செய்ய இயலாது. ஆனால் 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அதற்கு ஒருவகையில் விடை தந்தது. வீடு கட்டும் வேகம் ஓய்ந்து, 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் ஊரில் கூடியவர் ஆயிரத்துக்கும் குறைவு; 2020-இன் கணக்கு 25,630. மனை வணிகத்தை மட்டுமே நம்பிய ஊர்களுக்கு அது பேரிடியாயிற்று. வுட்ஸ்டாக்கிலோ கோடைக்காலத்தில் சதுக்கத்து இசை ஓயவில்லை. குடியானவரின் சந்தையும் கலையவில்லை.

புதியவர்கள்

இன்று வுட்ஸ்டாக் மக்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இசுப்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர். அவர்களுள் மெக்சிகோவிலிருந்து வந்தோரே மிகுதி. பண்ணைகளிலும் நாற்றுத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைக்க வந்தவர்கள் இங்கேயே வேரூன்றினர். வெர்மான்ட் மாநிலத்தவர் வந்தபோதும், அயர்லாந்து, ஜெர்மனி நாட்டவர் வந்தபோதும் ஊருக்கு அவர்கள் புதியவர்களே. ராக்போர்டு மறைமாவட்டத்துக்கு உட்பட்ட புனித மரியன்னை பங்கு, முன்னர் அந்த ஐரோப்பியக் குடியேறிகளின் பிள்ளைகளை வளர்த்தது. இன்று மெக்சிகோக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பலிபீடத்தின் முன் முழந்தாளிடுகின்றனர்.

புதியவர்களை எங்கே அமரச் செய்வது என்பதே வளரும் ஊரின் உண்மையான சோதனை. தனித்தனி முற்றங்களும் தனித்தனி வாகனங்களும் உள்ள மனைப்பிரிவில் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பில்லை. விலை கொடுக்காமல், அனுமதி கேட்காமல் வந்து உட்காரக் கூடிய ஒரு பலகை வேண்டும். 1844-இல் விற்காமல் விட்ட இரண்டு ஏக்கரில் அப்பலகை இன்றும் கிடக்கிறது. பால் வணிகரும், தட்டச்சு ஆலைத் தொழிலாளரும், நாடகக் கலைஞரும், மாநகருக்குப் போய்வரும் அலுவலரும், மெக்சிகோத் தோட்டக்காரரும் தத்தம் காலத்தில் அதே சதுக்கத்தில்தான் அமர்ந்தனர்.

நம் பிள்ளைகளுக்கு வீடும் நிலமும் சேர்த்து வைக்க நாம் ஓயாது பாடுபடுகிறோம், அது கடமையே. எனினும் வுட்ஸ்டாக்கை வகுத்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சொத்துகளில் நிலைத்தது எது என்று எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் விற்ற மனைகள் பலமுறை கைமாறிவிட்டன. அழைத்து வந்த ஆலைகள் போய்விட்டன. எவருக்கும் உரிமையாக்காமல் எல்லோருக்குமாக விட்ட சிறு நிலமே ஊரை ஊராக வைத்திருக்கிறது.